வியன்னா அரங்கும் கடலூர் மண்டபமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சபா மண்டபம் 80 அடி நீளம், 40 அடி அகலம், 20 அடி உயரம். கான்கிரீட் கூரை, கிரானைட் தரை. கச்சேரியில் மிருதங்கச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, சாகித்யம் புரிவதில்லை. வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கைப்போல நாமும் சுவர் முழுக்க மரப்பலகை அடித்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. சரிவருமா?

வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள நண்பருக்கு,

பலகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அந்த அரங்கின் பக்கச் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்மேல் பூச்சுதான். 1870இல் திறக்கப்பட்ட, தியோஃபில் ஹான்சன் வடிவமைத்த கட்டடம் அது. உள்ளே சுமார் 160 அடி நீளம், 63 அடி அகலம், 58 அடி உயரம். அகலம் குறைவு என்பதால் பக்கச் சுவரில் பட்ட ஒலி நேராக வரும் ஒலியோடு சேர்ந்தே காதுக்கு வந்துவிடுகிறது. சிலைகளும் மாடங்களும் அதைச் சிதறடிக்கின்றன. ஆள் நிறைந்திருக்கும்போது எதிர்முழக்கம், அதாவது ஒலி நின்ற பிறகும் அரங்கில் சுழன்று அடங்க ஆகும் நேரம், 2 நொடி. மைக் இல்லாத வாத்தியக் குழுவுக்கு அது அமிர்தம். மைக் வைத்த தனி ஆவர்த்தனத்துக்கு (மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி) ஒன்றரை நொடியே தாராளம்.

உங்கள் மண்டபத்துக்குக் கணக்குப் போடுவோம். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் கண்ட சூத்திரப்படி, 64,000 கன அடியை 0.049ஆல் பெருக்கினால் 3,136. இதை மண்டபம் விழுங்கும் ஒலியின் அளவால் வகுக்க வேண்டும். தரை, சுவர், கூரை சேர்ந்து 11,200 சதுர அடி. கல்லும் பூச்சும் நூற்றுக்கு 3 பங்குதான் விழுங்கும் என்றால் 336. திறந்த ஜன்னலில் பட்ட ஒலி திரும்பி வராது, அதுதான் இங்கே அளவுகோல். ஓர் ஆள் சுமார் 5 சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமம், ஆகவே 100 ரசிகர்களுக்கு 500. மொத்தம் 836. எதிர்முழக்கம் 3.75 நொடி! (ஏ.சி.க்காக நிஜ ஜன்னல்களை அடைத்த பிறகுதான் பல மண்டபங்களுக்கு இந்த வியாதி வந்தது.) ஒன்றரை நொடிக்கு 2,090 வேண்டும். துண்டு விழுவது 1,254.

மெல்லிய பிளைவுட் அந்தத் துண்டை அடைக்காது. அது தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கீழ் ஒலியைக் கொஞ்சம் விழுங்கும், பாட்டின் சொல் இருக்கும் நடு ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். முட்டை அட்டையும் தெர்மாகோலும் வீண், தீப்பிடித்தால் ஆபத்தும்கூட. வாங்க வேண்டியது 2 அங்குல ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில். சுமார் 1,500 சதுர அடி பிடிக்கும்.

முதலில் பின்சுவர். மேடையிலிருந்து போன ஒலி 160 அடி போய்த் திரும்பி வர 140 மில்லி நொடி ஆகிறது. பாடகர் தான் பாடிய வரியையே தாமதமாகக் கேட்கிறார், தாளம் தடுமாறுகிறது. கதவு போக அங்கே 600 சதுர அடி, மிச்சம் 900 கூரையில். சுவரோடு ஒட்டாமல் பின்னால் 2 அங்குலம் காற்று இடைவெளி விடுங்கள், தொப்பியின் முழக்கம் அப்போதுதான் அடங்கும். மேலே போர்த்தும் துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு உள்ளே போனால்தான் ஒலியும் போகும். துணிமேல் பெயின்ட் அடித்தால் அத்தனையும் பாழ்.

உப்புக்காற்று ஊர் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகு வாங்குங்கள். ‘தானே’ புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கூரை ஒழுகலை அடைக்காமல் பஞ்சை ஏற்றினால் நனைந்து தொங்கும்.

செலவுக்கு முன் ஒரு சோதனை. 1895இல் ஹார்வர்டு விரிவுரை அறையில் சபைன் பக்கத்து அரங்கின் மெத்தைகளை இரவல் வாங்கி அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். நீங்கள் இலவம்பஞ்சு மெத்தைகளைப் பின்சுவரில் சாத்தி வைத்து, மேடையில் நின்று கைதட்டிக் கேளுங்கள். வித்தியாசம் கமிட்டிக்கே தெரியும்.

ஸ்பீக்கர்களையும் பின்சுவரைப் பார்த்து வைக்காமல் ரசிகர்களின் தலையை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். அதற்குக் காசு ஆகாது, நாளைக்கே செய்யலாம்.