உள்ளே எந்தக் கெட்ட ரத்தமும் தேங்கவில்லை

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வயதுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. மாதவிலக்கு வந்தால் மூன்று நாளும் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். “கெட்ட ரத்தம் போகிறது, பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு வாடை வரும்” என்கிறாள். இரண்டு முறை நாள் தள்ளிப் போனது. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டதோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

மருத்துவர் பதில்: முதலில் உங்கள் பயம் தீரட்டும் அம்மா. கருவைத் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்படலம் மாதந்தோறும் தடித்து வளர்கிறது; கரு தங்காதபோது அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. அது உடம்பில் ஓடுகிற அதே ரத்தம்தான். ஒரு மாதவிலக்கில் வெளியேறுவது பெரும்பாலும் 30 முதல் 40 மி.லி. மட்டுமே. வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் சினைமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராது. அதனால் 21 நாளிலும் வரலாம், 45 நாள் வரை தள்ளியும் போகலாம்.

உங்கள் மகளின் பயம் வேறு. அறிவியல் பாடத்தில் மாதவிலக்கைப் பற்றிப் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவியே என்னிடம் வந்து “தீட்டு ரத்தம் டாக்டர்” என்று தலையைக் குனிந்துகொள்கிறாள். புத்தகத்தில் படித்தது தேர்வுக்கு. அவள் நம்புவது வீட்டில் கண்டதை. தனிப் பாய், தனித் தட்டு, சாமி அறைப் பக்கம் போகாதே, ஊறுகாய் ஜாடியைத் தொடாதே. கடைக்காரர்கூட நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார். தன் உடம்பில் ஏதோ அசுத்தம் இருக்கிறது என்று ஒரு சிறுமி முடிவுக்கு வர இவ்வளவு போதும். உங்கள் வீட்டில் ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருந்தால், தயவுசெய்து இந்த மாதமே நிறுத்திவிடுங்கள். பாட்டி கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். உளுந்தங்களி கிண்டித் தருவதை மட்டும் விட வேண்டாம், அது நல்ல உணவு.

வாடையைப் பற்றிய அவளது கவலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். வெளிவந்த ரத்தம் துணியிலோ நாப்கினிலோ நெடுநேரம் தங்கினால்தான் கிருமிகள் பெருகி வாடை வரும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். துணி என்றால் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய வையுங்கள். மற்ற துணிகளுக்கு அடியில் ஒளித்துக் காயவைக்கும் ஈரத்துணிதான் தொற்றைக் கொண்டுவரும்.

ஆனால் பள்ளியில் மாற்றுவதற்கு இடம் இருக்கிறதா? அவளிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பதற்காகக் காலை காபியோடு கிளம்பி, மாலை வீடு திரும்பும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பெண்கள் சிறுநீர்த் தொற்றோடு என்னிடம் வருகிறார்கள். தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகியவை இல்லையென்றால் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

வலியும் காரணமாக இருக்கலாம், வெட்கத்தில் சொல்லாமல் இருப்பாள். கருப்பையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளால் அந்த வலி வருகிறது. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் சொல்லும் அளவில் வலி மாத்திரை தரலாம். அதனால் பிற்காலத்தில் குழந்தை பிறப்பது பாதிக்காது.

மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லையென்றாலும் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இந்த வயதில் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொல்லுங்கள். மாதவிலக்குத் தேதிகளைக் காலண்டரில் அவளே குறித்து வரட்டும். மருத்துவரிடம் போகும்போது கேள்விகளையும் அவளே கேட்கட்டும்.