பெரிய நாவல் பாதியில் நிற்கிறது, பேய்க்கதை ஒரே ராத்திரியில் முடிகிறது. ஏன்?

கேள்வி: உலகமே கொண்டாடும் தடிமனான நாவல்களை ஆசையாக வாங்குகிறேன். நூறு பக்கம் தாண்டுவதில்லை. ஆனால் ஒரு பேய்க்கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் முடிக்காமல் தூங்குவதில்லை. என் ரசனையில் ஏதாவது கோளாறா?

உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை. பேய்க்கதையை அது எப்படிப் படிக்கப்பட வேண்டும் என்று எழுதப்பட்டதோ அப்படியே படிக்கிறீர்கள். பெரிய நாவலை அப்படிப் படிப்பதில்லை. இதை ஒரே எழுத்தாளரை வைத்துச் சொல்கிறேன். இரண்டு வகையையும் அவரே எழுதினார், அவருடைய வாசகர்களும் இரண்டுக்கும் ஒரே மாதிரி காத்துக் கிடந்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ்.

அவருடைய ‘பிளீக் ஹவுஸ்’ நாவலை இன்று ஆங்கிலத்தில் வாங்கினால் ஆயிரம் பக்கத்தை நெருங்கும். மொத்தம் 67 அத்தியாயங்கள். பார்த்தவுடனே மலைப்பு வரத்தான் செய்யும். ஆனால் 1852 மார்ச் மாதம் லண்டனில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருந்தது 32 பக்கம் கொண்ட மெல்லிய இதழ். உள்ளே இரண்டு படங்கள், கதையின் முதல் நான்கு அத்தியாயங்கள், பக்கம் பக்கமாக விளம்பரங்கள். விலை ஒரு ஷில்லிங். அடுத்து என்ன என்று தெரிய ஏப்ரல் வரை பொறுத்திருக்க வேண்டும். கடைசிப் பகுதி 1853 செப்டம்பரில் வந்தது. அதாவது நாம் ஒரு வாரத்தில் முடிக்க நினைத்துத் தோற்றுப்போகும் புத்தகத்தை அதன் முதல் வாசகர்கள் ஒன்றரை வருடத்துக்கும் மேல் வைத்துப் படித்தார்கள்.

இதில் பணக் கணக்கும் உண்டு. மூன்று தொகுதிகளாக வரும் புது நாவலின் விலை அப்போது 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரணக் குடும்பம் நினைத்தே பார்க்க முடியாத தொகை. மாதம் ஒரு ஷில்லிங் என்றால் முடியும். முடியாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து கேட்டார்கள். டிக்கன்ஸின் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்மணி வருகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் குடியிருந்தது ஒரு மூக்குப்பொடிக் கடை வீட்டில். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அங்கே தேநீர் விருந்து நடக்கும். வீட்டுக்காரர் டிக்கன்ஸின் ‘டாம்பி அண்ட் சன்’ நாவலின் அந்த மாதத்துப் பகுதியை உரக்கப் படிப்பார். தேநீருக்குப் பணம் கட்டியவர்களுக்குத்தான் தேநீர், கதை மட்டும் எல்லாருக்கும். அவ்வளவையும் எழுதியது ஒரே மனிதர் என்று கேள்விப்பட்டதும் அந்த அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லையாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்த வேலை என்று நினைத்திருந்தாராம். எனக்குத் தெரிந்து ஒரு பெரிய நாவலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் இதுதான். எழுத்து தெரியாத ஒருவர், ஒரு நாவலின் பரப்பை அவ்வளவு துல்லியமாக உணர்ந்திருக்கிறார்.

‘வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி, அதனால்தான் டிக்கன்ஸ் வளவளவென்று எழுதினார்’ என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை இல்லை. அவருக்குப் பணம் பகுதிக்கு இவ்வளவு என்றுதான். கடைசி இரட்டை இதழைத் தவிர ஒவ்வொரு பகுதிக்கும் 32 பக்கம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. அந்த அளவுக்குள் மாதா மாதம் சிரிப்பு, துக்கம், ஒரு மர்மம், நிறுத்த ஓர் இடம் எல்லாம் வைத்தாக வேண்டும். கவனித்துப் பார்த்தால் ‘பிளீக் ஹவுஸ்’ ஒரு நீண்ட கதையாக ஓடுவதைவிட பத்தொன்பது இதழ்களாக நிற்கிறது என்பது தெரியும்.

எங்கள் ஊரில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். இந்த நாவலை அந்தப் பழைய பகுதிகளாகவே பிரித்துப் படித்துப் பார்த்தோம். அதற்கு முன் தனித்தனியாக முயன்று முதல் அத்தியாயத்தின் மூடுபனியோடு கைவிட்டவர்கள் எங்களில் பலர். லண்டன் முழுக்கப் பனி, சேறு, அதன் நடுவில் ஒரு நீதிமன்றம், அதில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஜார்ண்டைஸ் குடும்பத்துச் சொத்து வழக்கு. கதை எங்கே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த மாதம் படிக்க வேண்டியது நான்கே அத்தியாயம் என்றவுடன் யாருக்கும் அவசரம் இல்லை. அந்தப் பனியை நிதானமாகப் பார்த்தார்கள். வட்டத்தில் ஒருவர் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜார்ண்டைஸ் வழக்கைப் படித்துவிட்டு, “இது நம்ம முன்சீப் கோர்ட்டுல நடக்கற பாகப்பிரிவினை கேஸ்தானே, வாய்தா வாங்கியே மூணு தலைமுறை போயிருக்கு” என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் அந்த அத்தியாயம் சலிக்கவில்லை.

எல்லாருக்கும் எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். நாவலின் பாதியை எஸ்தர் என்ற பெண் தன் வாயாலேயே சொல்கிறாள், மறுபாதியைப் பெயரில்லாத ஒரு குரல் நிகழ்காலத்தில் சொல்கிறது. எஸ்தரின் அடக்கம் சிலருக்கு எரிச்சலூட்டியது. “எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள், ஏனென்றே புரியவில்லை என்று எத்தனை தடவை சொல்வாள்?” என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, “பொறந்ததே தப்புன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை வேற எப்படிப் பேசும்?” என்று திருப்பிக் கேட்டார். இந்த வாதம் அடுத்த சந்திப்பு வரை ஓய்ந்தபாடில்லை. ஒரே மூச்சில் படித்திருந்தால் எஸ்தரைப் பற்றி இவ்வளவு யோசிக்கவே நேரம் இருந்திருக்காது. பெரிய நாவலில் நடக்கும் வேலையில் பாதி புத்தகத்தை மூடி வைத்திருக்கும் நாட்களில்தான் நடக்கிறது.

அப்புறம் க்ரூக். பழைய காகிதங்களைச் சேர்த்து வைக்கும் குடிகாரக் கடைக்காரர். 1852 டிசம்பரில் வந்த பத்தாம் பகுதியின் கடைசியில், 32-ம் அத்தியாயத்தில், யாரும் நெருப்பு வைக்காமலே உடம்பு தானாக எரிந்து அவர் சாகிறார். படிக்கும்போது முதலில் ஜன்னல் கட்டையில் கொழகொழவென்று ஏதோ கையில் ஒட்டுகிறது, காற்றில் கருகல் வாடை, எங்கும் புகைக்கரி. ஆளைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். இதற்கு மேல் ஒரு பேய்க்கதை என்ன செய்துவிட முடியும்? அந்தக் காலத்து விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் இப்படியெல்லாம் அறிவியல்படி நடக்காது என்று பத்திரிகையில் கண்டித்தார். டிக்கன்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை, முன்னுரையில் பழைய சம்பவங்களை எடுத்துக்காட்டி வாதாடினார். அறிவியல் லூயிஸ் பக்கம்தான். ஆனால் எங்கள் வட்டத்தில் அந்த அத்தியாயத்தை மறந்தவர் ஒருவர்கூட இல்லை. போதாக்குறைக்கு, அதே நாவலில் ஒரு ஜமீன் மாளிகையின் மேடையில் காலடிச் சத்தம் கேட்கும், அந்தக் குடும்பத்துக்குக் கெட்டது வரப்போகிறது என்று அதற்கு அர்த்தம். ஆக, நீங்கள் ஒரே ராத்திரியில் படித்து முடிக்கும் சரக்கு நீங்கள் கைவிடும் நாவலுக்குள்ளேயே கிடக்கிறது.

இனி குட்டிக் கதைகளுக்கு வருகிறேன். டிக்கன்ஸ் கிறிஸ்துமஸ் காலத்தில் பேய்க்கதை கொடுப்பதை ஒரு வழக்கமாகவே ஆக்கினார். 1843 டிசம்பர் 19-ல் வெளிவந்த ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ முதலில் அச்சடித்த 6,000 பிரதிகளும் பண்டிகைக்கு முந்தைய நாளுக்குள் விற்றுப் போயின. ஆனால் என்னை உலுக்கியது 1866-ல் அவருடைய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில் வந்த ‘சிக்னல்மேன்’. ஆழமான பள்ளத்தில் ரயில் பாதை, சுரங்க வாயில், ஒரு சிவப்பு விளக்கு, தனியாக வேலை பார்க்கும் ஒரு சிக்னல்காரர். அவர் கண்ணுக்கு மட்டும் ஓர் உருவம் தெரிகிறது. அது தெரியும்போதெல்லாம் பிறகு ஒரு விபத்து நடக்கிறது. எழுதிய டிக்கன்ஸே 1865 ஜூன் 9-ல் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் சிக்கியவர். அதில் பத்துப் பேர் இறந்தார்கள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றவர் அவர். அதன் பிறகு ரயிலில் ஏறுவதே அவருக்கு வேதனையாகிவிட்டது.

இந்தக் கதையை மார்கழியில் ஒரு சாயங்காலம் சத்தமாகப் படித்தோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா அன்று வந்திருந்தார். படித்து முடித்ததும் எல்லாரும் அந்த உருவத்தைப் பற்றிப் பேச, அவர் மட்டும் வேறொன்றைச் சொன்னார். “பேயெல்லாம் இருக்கட்டும். ஆபத்துன்னு தெரியுது, என்ன ஆபத்து, எங்கேன்னு தெரியல. மேலதிகாரிக்குத் தந்தி கொடுத்தா காரணம் கேப்பான். இவனுக்குச் சொல்லக் காரணம் இல்ல. வேலை போயிடும். அந்த ராத்திரி எனக்குத் தெரியும்.” கதையில் இது அப்படியே வருகிறது. ‘ஆபத்து’ என்று தந்தி அடித்தால், ‘என்ன ஆபத்து, எங்கே?’ என்று பதில் வரும், ‘தெரியாது, ஆனால் ஜாக்கிரதை’ என்று எப்படிச் சொல்வேன் என்று சிக்னல்காரர் புலம்புகிறார். பொறுப்பு தலையில் இருக்கிறது, அதிகாரம் கையில் இல்லை. கதையின் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது. பேய்க்கதைகளை லேசானவை என்று ஒதுக்குபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இந்தக் கதையைப் பத்து நாள் இழுத்துப் படித்தால் செத்துப்போகும். பயம் என்பது மனதில் கொஞ்ச நேரமே நிற்கும். நடுவில் எழுந்து போய் வெளிச்சத்தில் சோறு சாப்பிட்டு வந்தால் கலைந்துவிடும். அதனால்தான் அதை எழுதுபவர்கள் சின்னதாக எழுதுகிறார்கள், நீங்களும் ஒரே ராத்திரியில் முடிக்கிறீர்கள். அது சரியான வாசிப்பு.

மர்மத்தையும் நீளத்தையும் ஒன்றாக வைத்து ஜெயித்தவர்களும் உண்டு. 1859 நவம்பர் 26 தேதியிட்ட ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ முடிகிறது. அதே இதழில் வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் ஒயிட்’ தொடங்குகிறது. நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் பின்னாலிருந்து தோளைத் தொடுகிறாள். ஒரு வாசகர் இதழின் ஒரு பக்கத்தில் டிக்கன்ஸின் பிரெஞ்சுப் புரட்சிக் கதையில் வரும் தியாகத்துக்கு அழுதுவிட்டு, இன்னொரு பக்கத்தில் இதற்குத் திடுக்கிட்டிருப்பார். அவருக்கு இரண்டும் ஒரே வாரத்துப் படிப்பு. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டன் காலின்ஸின் கதையைக் கீழே வைக்க முடியாமல் நாடகத்துக்குப் போவதையே தவிர்த்தார் என்பது பிரசித்தம்.

நமக்கும் இது புதிதில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வாரா வாரம் வந்தபோது பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த வீடுகள் எத்தனை! கதை முடிந்த பிறகும் வாசகர்கள் விடாமல் கேட்ட கேள்விகளுக்காக அதை எழுதிய கல்கி முடிவுரையில் யார் யார் என்ன ஆனார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. இன்று ஐந்து பாகங்களையும் ஒரே பெட்டியில் வாங்கி அடுக்கி வைப்பவர்களுக்கு அந்தத் தவிப்பு கிடைப்பதில்லை.

சமீபத்திய உதாரணமும் ஒன்று. ‘டிராகுலா’ முழுக்க நாட்குறிப்பும் கடிதமும்தான், மே 3-ல் தொடங்குகிறது. அந்தந்தத் தேதிக்குரிய பகுதியை அந்தந்த நாளில் மின்னஞ்சலில் அனுப்பும் முயற்சி 2022-ல் பெரிய அலையாகப் பரவியது. 1897-ல் வந்த கதை, முடிவு உலகுக்கே தெரியும். ஆனாலும் ஜூன் 30-க்குப் பிறகு கோட்டையில் அடைபட்ட ஜோனதனிடமிருந்து ஒரு வரியும் வராதபோது ஆயிரக்கணக்கானவர்கள் அவனுக்காகக் கவலைப்பட்டார்கள். புத்தகமாகப் படிக்கும்போது அந்த மௌனத்தைச் சில பக்கங்களில் தாண்டிவிடுகிறோம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ‘சிக்னல்மேன்’ இருபது பக்கம்கூட இருக்காது, அதை இன்று ராத்திரியே ஒரே மூச்சில் படியுங்கள். ‘பிளீக் ஹவுஸ்’ எடுத்தால் முதல் நான்கு அத்தியாயத்தோடு மூடி வையுங்கள். மாதம் ஒரு பகுதி அதிக இடைவெளி என்றால் வாரம் ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆசையாக இருந்தாலும் அடுத்ததற்கு உடனே தாவாதீர்கள். பல பதிப்புகளில் பழைய பகுதிகளின் எல்லைகள் பின்னிணைப்பில் இருக்கும். ஒன்பதாம் பகுதி 29-ம் அத்தியாயத்தில் முடிகிறது. அங்கே சீமாட்டி டெட்லாக் தன் அறையில் தனியாக மண்டியிடுகிறாள், ஏன் என்று சொல்லமாட்டேன். அதுவரை எஸ்தர் எவ்வளவு சலிப்பூட்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்தும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம். நான் அறிந்து அந்த இடத்தில் விட்டவர் யாரும் இல்லை.