பழைய மேனுவல் ஃபோகஸ் டெலி லென்ஸை வைத்துப் பறவைகளைப் படம் எடுக்க முடியுமா?

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய 300 எம்எம் லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டலாமா, ஆட்டோஃபோகஸ் இல்லாமல் பறவை சிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிக்கும். ஆனால் எல்லாப் பறவையும் சிக்காது. பறவையைத் துரத்தித் துரத்தி ஃபோகஸ் பண்ணுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, அது வந்து உட்காரப்போகிற இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருக்கத் தயார் என்றால் இந்த லென்ஸ் நன்றாகவே உழைக்கும். நான் பல வருடமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் துரத்த முடியாது என்பதற்குச் சின்னக் கணக்கு. ஃபுல்ஃப்ரேம் கேமரா (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்), 300 எம்எம், அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 4.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தூரத்தில் ஷார்ப்பாக விழும் ஆழம் சுமார் 30 சென்டிமீட்டர். 5 மீட்டருக்கு வந்தால் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். இதுவும் சாதாரண பிரிண்டுக்குப் போடும் கணக்கு. திரையில் முழுசாகப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்களுக்கு இதில் பாதிகூடத் தேறாது. கிளைக்குக் கிளை தாவும் கதிர்க்குருவியை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பிடிப்பது வீண் வேலை. விட்டுவிடுங்கள்.

நமக்கு ஏற்ற ஆட்கள் மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கரிச்சான், ஈப்பிடிப்பான் வகையறா. இரைக்குப் பாய்ந்துவிட்டுப் பெரும்பாலும் அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ திரும்பி வருகிறவை. அது பறந்து போனதும் காலியாக இருக்கும் கிளையில், கால் வைத்திருந்த இடத்துப் பட்டை வெடிப்பையோ முடிச்சையோ கேமராத் திரையில் மேக்னிஃபை பண்ணி ஃபோகஸ் வையுங்கள். நம் பக்கம் பார்த்து உட்காரும் பறவையாக இருந்தால் தலை கிளையைவிடக் கொஞ்சம் முன்னால் வரும். அதனால் வளையத்தை இம்மியளவு குறைந்த தூரத்தைக் காட்டும் பக்கம் நகர்த்தி வைப்பது என் வழக்கம்.

பஞ்சுருட்டான் தேனீயோடு திரும்பினால் உடனே விழுங்காது. கிளையில் படீர் படீரென்று அடித்து, கொடுக்கும் விஷமும் போகும்படி தேய்த்துவிட்டுத்தான் தின்னும். மீன்கொத்தியும் அப்படித்தான், மீனை அடித்துத் துவைத்து, பிறகு தலைப்பக்கமாக உள்ளே தள்ளும். அந்தச் சில நொடிகள்தான் நமக்கான நேரம். ஷட்டரை பர்ஸ்டில் (தொடர்ந்து பல படம் எடுக்கும் முறை) போட்டுவிட்டு வளையத்தை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நிறையப் படம் குப்பைக்குப் போகும், பரவாயில்லை.

ஷார்ப்பான ஓரங்களைத் திரையில் கலர் அடித்துக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை ரொம்ப நம்பாதீர்கள். மார்பு இறகு, அலகு, பக்கத்துச் சுள்ளி என்று எல்லா ஓரத்திலும் கலர் அடித்து, கண்ணும் ஷார்ப் என்று ஏமாற்றும். நான் பார்ப்பது கண்ணில் விழும் வெளிச்சப் புள்ளியை மட்டும். ஃபோகஸ் தப்பினால் அது உப்பிப்போய் மங்கலாகத் தெரியும். சரியான இடத்தில் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும்.

கூடு இருந்தால் இந்த முறைக்கு ரொம்ப வசதி, பறவை கட்டாயம் வரும் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நாம் நிற்பதைப் பார்த்துத் தாய்ப்பறவை வராமல் போகும், குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

பறக்கிற படம் வேண்டுமென்றால் கூழைக்கடா, நாரை, பருந்து மாதிரிப் பெரிதாக, நிதானமாகப் பறப்பவற்றில் ஆரம்பியுங்கள். 30 மீட்டரில் எஃப் 8 வைத்தால் நாலரை மீட்டருக்கும் மேல் ஆழம் கிடைக்கிறது, அது அந்த எல்லைக்குள் நுழையும்போது சுட்டால் போதும். ஷட்டர் 1/2000 பக்கம் இருக்கட்டும், ஐஎஸ்ஓ ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கேமராவில் இரண்டு செட்டிங். லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் விழ அனுமதிக்கும் ஆப்ஷனை ஆன் பண்ண வேண்டியிருக்கும், இல்லையென்றால் பல கேமராக்களில் பட்டன் செத்ததுபோலக் கிடக்கும். அப்புறம், கேமரா பாடியிலேயே கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால் 300 என்று நீங்களே பதிய வேண்டும். லென்ஸ் தன் குவியத் தூரத்தை (300 எம்எம் என்பதை) கேமராவுக்குச் சொல்லாது.

கண்ணாடியின் குறையும் தெரிந்திருக்கட்டும். நிறச் சிதறலைக் குறைக்கும் ஈடி, ஃப்ளோரைட் மாதிரிக் கண்ணாடி இல்லாத பழைய டெலிக்களில், வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கைச் சுற்றி ஊதா விளிம்பு கட்டும். எஃப் 8 வரை மூடினால் பெருமளவு குறையும். ஈடி லென்ஸ்கள் சிலவற்றில் வளையம் முடிவிலிக் குறியையும் தாண்டித் திரும்பும். வெப்பத்தில் லென்ஸ் விரிவதற்காக விட்ட இடம் அது, ரிப்பேர் இல்லை. எட்ட இருக்கும் பறவைக்கு வளையத்தைக் கடைசிவரை திருகி நிறுத்தினால் அதனால்தான் மங்கும்.

மிரர்லெஸ் என்பதால் அடாப்டர் பிரச்சினை கிடையாது. கேனானின் பழைய மேனுவல் ஃபோகஸ் வகையான எஃப்டி லென்ஸை, உள்ளே கண்ணாடி உள்ள கேனான் ஈஓஎஸ் டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் இல்லாத வெறும் அடாப்டரோடு மாட்டினால் தூரத்துக்கு ஃபோகஸே ஆகாது. 500 எம்எம் எஃப் 8 மிரர் லென்ஸ் (உள்ளே வளைந்த கண்ணாடிகளால் வெளிச்சத்தை மடக்கும் குட்டை லென்ஸ்) வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கைக்கு அடக்கம்தான். ஆனால் அபெர்ச்சர் மாறாது, பின்னணியில் தண்ணீர் மின்னினால் வளையம் வளையமாக விழும். எனக்குப் பிடிக்காது.

அடாப்டர் ஆர்டர் பண்ணுவதற்கு முன் லென்ஸின் அபெர்ச்சரை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் ஒன்றும் ஆகாது. நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் முதல் செலவு சுத்தம் பண்ணத்தான்.