ஒயருக்குத் திசை உண்டா?

கேள்வி: விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஒயரின் உறையில் அம்புக்குறி அச்சிட்டிருக்கிறது. அம்பு ஸ்பீக்கரைப் பார்த்து இருக்க வேண்டுமாம். ஒரு பக்க ஒயரை மட்டும் திருப்பி மாட்டிப் பார்த்தேன். பாஸ் (தாழ்ந்த ஒலி) நிஜமாகவே குறைந்தது. அப்படியானால் அம்பு சொல்வது சரிதானே?

பதில்: பாஸ் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பழி அம்பின் மேல் இல்லை. ஒயரைத் திருப்பும்போது பிளஸ், மைனஸ் இடம் மாறிப்போவது சகஜம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால், ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் கேட்க வேண்டிய குரலும் சிதறும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயர்களை அதிலிருந்து கழற்றி, அந்த முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ் எப்போதும் சிவப்பு இழையில்தான் பட வேண்டும். இரண்டு வூஃபரும் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) ஒரே பக்கம் நகர வேண்டும்.

ஒயரில் ஓடுவது ஏசி, அதாவது மாறி மாறித் திசை திரும்பும் மின்னோட்டம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மின்னோட்டம் நொடிக்கு 2,000 முறை திசை மாறுகிறது. கம்பியை இழுத்து நீட்டும்போது தாமிரப் படிகங்கள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன என்பது விற்பவர்களின் வாதம். ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் தடையோடும் கடத்தினால் அதற்கு டயோடு என்று பெயர்! அலையின் ஒரு பாதி சிறுத்து, அந்தச் சிதைவு கருவியில் தெரிந்தாக வேண்டும். போகட்டும், ஓர் இழையில் போகும் மின்சாரம் பக்கத்து இழையில்தானே திரும்புகிறது? இரண்டுக்கும் ஒரே அம்பு எப்படிப் பொருந்தும்?

கவனிக்க வேண்டியது தடிமன். 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயரில் போக வர மின்தடை சுமார் 0.07 ஓம். 0.5 சதுர மி.மீ. என்றால் 0.34 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு இது அதிகம்.

கேள்வி: பிளேயரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் ஆர்சிஏ கேபிளில் உள்ள அம்பும் ஏமாற்றா?

பதில்: எல்லாம் அப்படியல்ல. சில கேபிள்களில் உள்ளே இரண்டு கம்பிகள், சுற்றிலும் ஷீல்டு, அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் கம்பிப் பின்னல். ஷீல்டை ஒரு முனையில் மட்டும், பெரும்பாலும் பிளேயர் பக்கம், சாலிடர் செய்திருப்பார்கள். அம்பு அதைத்தான் காட்டுகிறது. மல்டிமீட்டரால் பிளக்குகளில் தொட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளி வளையங்கள் இரண்டும் உள்கம்பி வழியே இணைந்தே இருக்கும். பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றி, பின்னல் எந்தப் பக்கம் வெட்டி விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மாற்றி மாட்டினாலும் எதுவும் பழுதாகாது. சில இடங்களில் வெளி இரைச்சல் கொஞ்சம் நுழையலாம், அவ்வளவே.