நாற்பதால் வகுக்காதீர்கள்

கேள்வி: 12 முதல் 16 வயதுவரை உள்ள 40 பிள்ளைகள் கொண்ட இளைஞர் குழுவை நடத்துகிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஓர் அருங்காட்சியகம், அப்புறம் ஒரு பழைய கோட்டை என்று அழைத்துப் போவோம். போன முறை மொத்தச் செலவை 40-ஆல் வகுத்து வசூலித்தேன். வந்தது 31 பேர்தான். துண்டு விழுந்ததற்கு என் கைக்காசைப் போட்டேன். கட்ட முடியாததால்தான் சிலர் வரவில்லை என்று பிறகு தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் மனசு கேட்காத அந்த விஷயத்துக்கும் கைக்காசு போனதற்கும் காரணம் ஒன்றுதான். தலைக்கு இவ்வளவு என்று வகுத்த இடத்தில் கணக்கு தவறியிருக்கிறது.

செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது ஒன்று: வண்டி வாடகை, வழிகாட்டிக் கட்டணம், கூட வரும் பெரியவர்களின் செலவு. ஆளுக்கு ஆள் கூடுவது இன்னொன்று: நுழைவுச்சீட்டு, சாப்பாடு. மாறாத செலவு 15,000, தலைக்கு ஆகும் செலவு 250 என்று வையுங்கள். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு இதேதான். 40-ஆல் வகுத்தால் ஒருவருக்கு 625. ஆனால் 31 பேர் கட்டினால் கைக்கு வருவது 19,375, செலவோ 22,750. துண்டு 3,375.

இப்போது 30-ஆல் வகுத்துப் பாருங்கள். கட்டணம் 750. முப்பது பேர் கட்டியதுமே வண்டிக்கும் வழிகாட்டிக்கும் முழுப் பணமும் வந்துவிடுகிறது. அதற்குமேல் வரும் பிள்ளைக்கு உண்மையில் ஆகும் செலவு வெறும் 250. மொத்தம் 38 பேர் வந்து, அதில் 33 பேர் மட்டுமே கட்டினாலும் வரவு 24,750, செலவு 24,500. ஐந்து பிள்ளைகள் காசே கொடுக்காமல் வருகிறார்கள், உங்கள் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை! ஆகவே நிச்சயம் கட்டுவார்கள் என்று நீங்கள் நம்பும் குறைந்த எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். கட்டக்கூடியவர்களுக்கு 125 கூடுகிறது, உண்மைதான். எதற்காக என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடியாதவர்களை எப்படிக் கேட்பது? எல்லோர் முன்னாலும் "யாருக்குக் கஷ்டம்?" என்று கேட்டால் ஒரு கையும் உயராது. பிள்ளை காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும். சம்மதப் படிவத்திலேயே மூன்று கட்டம் போடுங்கள்: முழுத் தொகை, பாதி, இப்போது இயலாது. ஒட்டிய உறையில் வரட்டும், ஒருவர் மட்டும் பிரிக்கட்டும். காரணம் கேட்கவே வேண்டாம்.

தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். வண்டிக்கு முன்பணம் கட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் வசூல் முடிய வேண்டும். அன்றைக்கு 30 பேர் சேரவில்லையா? சிறிய வண்டிக்கு மாறுங்கள், அல்லது இன்னொரு குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சீட்டு வாங்குவதற்கே நாள் குறித்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆன் பிராங்க் இல்லம் என்ற அருங்காட்சியகத்துக்கு வாசலில் சீட்டு கிடையாது. இணையத்தில் மட்டும்தான், அதுவும் செவ்வாய்தோறும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான சீட்டு விற்பனையைத் திறக்கிறார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும். இதைப் பார்க்காமல் வண்டி பிடித்தால் முன்பணம் போச்சு.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். லூவரில் 18 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. ஆனால் பெரியவர்களுக்கு உண்டு, குழுவாகப் போனால் முன்பதிவும் வேண்டும். இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். குழுவோடு அன்று போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டத்தில் வழிகாட்டி பேசுவது கடைசியில் நிற்கும் பிள்ளைக்குக் கேட்காது.

பணம் இறுக்கமாக இருந்தால் இரண்டாவது இடத்தை விடுங்கள், வழிகாட்டியை விடாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். ஒருமுறை மெசபடோமியக் களிமண் பலகை ஒன்றின் முன் நின்றேன். உள்ளங்கை அளவுதான், காய்ந்த மண்கட்டி மாதிரி இருந்தது. பிள்ளைகள் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியக ஊழியர் ஒருவர், "இது பார்லி பங்கீட்டுக் கணக்கு. 5,000 வருஷத்துக்கு முன்னால் எழுத்து தொடங்கியதே இந்த மாதிரிக் கணக்குக்காகத்தான்" என்றார். போன பிள்ளைகள் திரும்பி வந்து, குழிக்குறிகளை விரலால் காற்றில் எண்ண ஆரம்பித்தார்கள். கால் மணி நேரம் யாரும் நகரவில்லை.

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு என்று தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தும் கட்டணம், கூடுதல் காத்திருப்பு நேரம் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். வசூல் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் கலக்க வேண்டாம். அப்புறம், யார் கட்டினார் என்ற பெயர்ப் பட்டியல் இல்லாமல், வரவு செலவு நோட்டை மட்டும் 16 வயதுப் பிள்ளைகள் இருவரிடம் கொடுங்கள். திரும்பி வந்த வாரமே அவர்கள் அதைப் பெற்றோர் முன்னால் வாசிக்கட்டும்.