மலை ரோட்டு பைக்குக்கு பிரேக் பேட்: எப்போது மாற்றுவது, எதை வாங்குவது? (கேள்வி-பதில்)

கேள்வி: முன் டிஸ்கில் புது பேட் போட்டு 7,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது. கடையில் 15,000 வரை தாங்கும் என்றார்கள். இப்போதே கீச்சென்று சத்தம் வருகிறது. மாற்றத்தான் வேண்டுமா? (தலவாக்கலை வாசகர்)

பதில்: கிலோமீற்றர் கணக்கை விடுங்கள். குருநாகல் பக்கத்துச் சமதரையில் 15,000 ஓடும் பேட், தினமும் ரம்பொடை வளைவுகளில் ஏறி இறங்கினால் பாதித் தூரத்திலேயே தேய்ந்துவிடலாம். பார்க்க வேண்டியது தடிப்பை.

போனில் டோர்ச்சைப் போட்டு, கெலிப்பருக்குள் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) முன்பக்கமிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் கருப்புப் பகுதிதான் கணக்கு. தகட்டைச் சேர்த்து அளந்து ஏமாந்து போகாதீர்கள். புதிதில் அது பெரும்பாலும் 4 அல்லது 5 மில்லிமீற்றர் இருக்கும். நிறைய பைக்குகளின் கைநூலில் எல்லை 1 மில்லிமீற்றர். மலையில் ஓடும் பைக்குக்கு நாங்கள் 2 என்போம். பேட்டின் கருப்புப் பகுதி பிரேக்கின் சூட்டைக் கெலிப்பர் பிஸ்டனுக்கு (பேட்டைத் தள்ளும் உருளை) போகவிடாமல் தடுக்கவும் செய்கிறது. அது மெலிந்தால் சூடு நேரே பிரேக் ஒயிலுக்கு ஏறும். பேட்டின் நடுவே கோடு போலப் பள்ளம் வெட்டியிருந்தால், அது மறையும் நேரம்தான் கடைசி நேரம்.

இரண்டு பேட்டையும் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் 3 இருக்கும்போது உள்பக்கம் 1 ஆகியிருந்தால், பழி பேட்டுக்கு அல்ல: பெரும்பாலும் கெலிப்பர் சறுக்கி நகரும் 'பின்' (கம்பி) இறுகியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது பேட் பூட்டினால் அதுவும் ஒருபக்கமாகவே தேயும்.

சத்தத்துக்கு வருவோம். பனியில் நனைந்த பைக்கை விடியற்காலையில் எடுக்கும்போது வரும் சத்தம் டிஸ்கில் படிந்த துரு. நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். நாள் முழுக்கக் கீச்சென்றால் தூசியாக இருக்கலாம், அல்லது சூட்டில் பேட்டின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கலாம். தடிப்பு மிச்சமிருந்தால் சேண்ட் பேப்பரில் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். கரகரவென்று அரைக்கும் சத்தமென்றால் இரும்பு டிஸ்கில் படுகிறது, அன்றைக்கே நிறுத்துங்கள். டிஸ்க் எந்த அளவு வரை மெலியலாம் என்பது அதிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் டிஸ்கையும் மாற்ற வேண்டும், செலவு பல மடங்காகும்.

இன்னும் எவ்வளவு ஓடும் என்று தெரிய வேண்டுமானால் இன்று ஒருமுறை, 1,000 கிலோமீற்றர் கழித்து ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அது நம்பகமான கணக்கு.

கேள்வி: பெரகலையிலிருந்து வெல்லவாய பக்கம் இருவராக இறங்கும்போது முன் பிரேக் லிவர் கைப்பிடி வரை போய்விட்டது. நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பழையபடி சரி. பேட் புதிது. மறுபடி மாற்றவா?

பதில்: பேட்டில் பிழை இல்லை. பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. கொதித்த இடத்தில் ஆவிக் குமிழி வந்துவிட்டால், லிவரை அழுத்தும்போது குமிழிதான் நசுங்குமே தவிர பிஸ்டன் தள்ளாது. ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகும், லிவரும் சரியாகும். அதனாலேயே பலர் இதைப் பெரிதாக எடுப்பதில்லை.

பைக்கும் இருவருமாக 260 கிலோ என்று வையுங்கள். 300 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, இரண்டு லீற்றருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினும் எதிர்க்காற்றும் எடுக்காத மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகிறது. டொட் 4 (DOT 4) வகை பிரேக் ஒயில் புதிதில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும்.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் எஞ்சினை நிறுத்தி இறங்குகிறார்களே, அந்த மிச்சம் பேட் விலையில் போய்விடும். ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு. நீண்ட இறக்கத்தில் இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நெளிந்துவிடும்.

லிவர் கல் மாதிரி இறுகியிருந்தும் பைக் நிற்காவிட்டால்தான் பேட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஹட்டன் டவுனில் ஒரே பேட் இரண்டு விலையில் இருக்கிறது. மலிவானதை வாங்கலாமா?

பதில்: கம்பெனி பெட்டி என்பதற்காக நம்ப வேண்டாம், பெட்டியையும் அச்சடிக்கிறார்கள். பேட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். தகட்டுக்கும் கருப்புப் பகுதிக்கும் நடுவே நகம் போகும் இடைவெளியோ வெடிப்போ இருந்தால் வேண்டாம். பழைய பேட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஓட்டைகளையும் வடிவத்தையும் ஒப்பிடுங்கள். சிலவற்றின் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும்: முதல் எழுத்து குளிர்ந்த நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூடேறிய நிலைப் பிடிப்பு. ஈ, எஃப், ஜி என்ற வரிசையில் பிடிப்பு கூடும். நமக்கு இரண்டாவது எழுத்துதான் முக்கியம். 'ஜிஈ' என்றால் சூட்டில் பிடிப்பு விழுகிறது என்று அர்த்தம்.

வேறு கம்பெனி பேட் என்பதற்காக ஒதுக்கவும் தேவையில்லை, பெயர் தெரிந்த உற்பத்தியாளராக இருந்தால் போதும். பில் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். போலி என்று தெரிந்தால் வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். விபரம் கேட்க அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

கேள்வி: நானே பூட்டலாமா?

பதில்: பூட்டலாம். பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் அதன் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். மண்ணோடு தள்ளினால் சீல் கிழியும். தள்ளும்போது மேலே ஹேண்டிலில் உள்ள டப்பாவில் பிரேக் ஒயில் ஏறும், நிரம்பி வழிந்தால் பெயின்ட் போய்விடும். அதனால் முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். (பேட் தேயத் தேய அந்த மட்டம் இறங்குவது இயல்பு. பேட்டைப் பார்க்காமல் ஒயில் ஊற்றி நிரப்புபவர்களுக்குத்தான் இந்த வழிசல்.) கெலிப்பர் 'பின்' கம்பிக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும். பேட்டின் முகத்தில் கிரீஸ் கை படக்கூடாது.

பூட்டியதும் லிவர் இறுகும் வரை பலமுறை அமுக்காமல் பைக்கை நகர்த்தாதீர்கள். முதல் அமுக்கில் பிரேக்கே இருக்காது. பிறகு வாகனம் குறைந்த நேரத்தில் சமதரை ரோட்டில் 40 வேகத்திலிருந்து 10 வரை, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிட இடைவெளி விட்டு, இருபது தடவை பிடியுங்கள். அதற்கு முன் பெரிய இறக்கத்தில் இறங்க வேண்டாம்.

கேள்வி: என்னுடையது இரண்டு சில்லும் டிரம் பிரேக். எதைப் பார்ப்பது?

பதில்: பிரேக்கை முழுதாகப் பிடித்துக்கொண்டு சில்லருகே டிரம்மில் பூட்டியிருக்கும், கேபிள் இழுக்கும் கைபோன்ற இரும்புத் துண்டைப் பாருங்கள். அதிலுள்ள அம்புக்குறி தட்டில் உள்ள அடையாளத்தைத் தொட்டால் ஷூ (டிரம்முக்குள் உராயும் பகுதி) முடிந்தது. நட்டை இறுக்கி இறுக்கிச் சமாளிப்பதால் ஷூ தடிக்கப் போவதில்லை. திறந்தால் டிரம்மின் உள் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள்; அதன் உச்ச எல்லை டிரம்மிலேயே பொறித்திருக்கும். 110 மில்லிமீற்றர் டிரம்முக்கு அது வழக்கமாக 111.