நான்கிலும் எட்டிலும் ஸ்பின் திரவம் கிடைக்காது

கேள்வி: தேன்கூட்டு அணிக்கோவையில் (அறுகோண வலையாக அடுக்கிய தளங்கள்) ஹப்பர்டு மாதிரியை, அதாவது தளம் விட்டுத் தளம் தாவி ஒரே தளத்தில் ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்களின் மாதிரியை, குவாண்டம் மான்டி கார்லோ என்ற சமவாய்ப்பு மாதிரியெடுப்பு முறையில் கணக்கிட்டேன். பக்க நீளம் 4, 6, 8. எலக்ட்ரான் விலக்கலுக்கும் தாவல் ஆற்றலுக்கும் உள்ள விகிதம் 3.4 ஆகும்போது ஆற்றல் இடைவெளி திறக்கிறது. அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும் எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கோ 4.3-க்கு மேல்தான் தெரிகிறது. நடுவில் இருப்பது ஸ்பின் திரவமா, அதாவது இடைவெளி இருந்தும் ஸ்பின்கள் ஒழுங்குபடாத நிலையா? நிரலை ஒரு புராஜெக்ட் மையத்தில் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்னும் 25,000 கொடுத்தால் மூன்று வாரத்தில் ஆய்விதழில் போட்டுத் தருகிறார்களாம். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்கிறது எங்கள் பல்கலைக்கழகம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது ஸ்பின் திரவம் அல்ல. பக்க நீளம் செய்த வேலை.

விலக்கலைச் சுழியாக்கி அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணினிகூட வேண்டாம், ஒரு தாள் போதும். தேன்கூட்டில் விலக்கல் இல்லாதபோது ஆற்றல் இடைவெளி மூடும் இடம் டிராக் புள்ளி; அதையொட்டிய எலக்ட்ரான்களே டிராக் ஃபெர்மியான்கள். அந்தப் புள்ளி உந்த வெளியின் மூலையில் இருக்கிறது. அதன் ஆயங்கள் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. பக்க நீளம் 4 என்றால் உங்களுக்குக் கிடைக்கும் உந்தங்கள் சுழி, கால், அரை, முக்கால் மட்டுமே. கால்களை எப்படிக் கூட்டினாலும் மூன்றில் ஒன்று வராது. டிராக் ஃபெர்மியான்களைப் பற்றிய கணக்கில் டிராக் புள்ளியே இல்லை! அதனால் விலக்கலே இல்லாதபோதும் 4-இல் தாவல் ஆற்றலைப் போல இரண்டு மடங்கு இடைவெளி இருக்கும்; 8-இல் ஏறத்தாழ 0.83 மடங்கு. 6-இல் மட்டும் சுழி. இந்த மூன்றையும் ஒரே கோட்டில் கோத்து முடிவிலிக்கு நீட்டினால் என்ன வேண்டுமானாலும் திறக்கும். 3-ஆல் வகுபடும் நீளங்களை மட்டும் எடுங்கள்: 6, 9, 12, 15.

'எல்லை நிபந்தனையை முறுக்கினால், அதாவது கிடைக்கும் உந்தங்களை எல்லாம் சற்று நகர்த்தினால், 4-லும் டிராக் புள்ளி வருமே' என்று யாராவது சொல்வார்கள். வரும், பாதி வரும். தேன்கூட்டில் டிராக் புள்ளிகள் இரண்டு. 4-இல் முதல் புள்ளியைப் பிடிக்க மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று முறுக்க வேண்டும். அடுத்த புள்ளிக்கு அதுவே தலைகீழாக வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். 8-க்குப் போனால் முதல் புள்ளிக்கான முறுக்கே இடம் மாறிவிடுகிறது. மேல்நோக்கிய ஸ்பினுக்கு ஒரு முறுக்கு, கீழ்நோக்கியதற்கு எதிர்முறுக்கு என்று சமாளிக்கலாம். ஆனால் அதை வாணலியில் முறுக்கு சுடப் பழகியவர்கள் செய்யட்டும். விலைக்கு வாங்கிய நிரலில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது விற்றவருக்கே தெரிந்திருக்காது.

உங்கள் எண்களைப் பார்த்ததும் 2010 நினைவுக்கு வந்தது. மெங், அசாத், முரமட்சு உள்ளிட்டோர் 648 தளங்கள் வரை கணக்கிட்டு, 3.5-க்கும் 4.3-க்கும் இடையே ஸ்பின் திரவம் இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கவனமான வேலை, உங்களைப் போல 4, 8 என்று போகவில்லை. அப்படியும் நிலைக்கவில்லை. 2012-இல் சொரெல்லா, ஒட்சுகா, யுனோக்கி மூவரும் 2,592 தளங்கள் வரை போனபோது அந்த ஸ்பின் திரவப் பகுதி காணாமல் போயிற்று. இடைவெளி இல்லாத அரை உலோகம் சுமார் 3.87-இல் நேரடியாகக் காந்த மின்காப்பியாக மாறுகிறது. ஏன் இந்தத் தடுமாற்றம்? வழக்கமாக அளக்கப்படுவது காந்த ஒழுங்கின் இருபடி. ஒழுங்கு 0.05 என்றால் இருபடி 0.0025, சிறிய அணிக்கோவையில் அது சுழி போலவே தெரியும். 2013-இல் அசாத்தும் ஹெர்பட்டும் ஒரு தளத்தில் மட்டும் சிறு காந்தப்புலத்தைப் பொருத்தி, இருபடியை விட்டு ஒழுங்கையே அளந்தார்கள். அதிலும் நேரடி மாற்றம்தான். உங்களுக்கு நிரல் விற்றவர் 2010-ஓடு படிப்பை நிறுத்திவிட்டார் போலும்.

அந்த 18,000 ரூபாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்குக்கான 'ஏ.எல்.எஃப்.' நிரல் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கையேட்டோடு. முன்பதிப்பை 'ஆர்க்சிவ்' தளத்தில் ஏற்றவும் காசு வேண்டாம். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-லேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதை இன்னும் பிடித்துத் தொங்குகிறது என்றால் தரகருக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்கிறது என்றுதான் பொருள். மூன்று வாரத்தில் ஏற்கும் இதழில் உங்கள் 4, 6, 8-ஐ யாரும் படித்துப் பார்க்கப்போவதில்லை. பிறகு நேர்முகத் தேர்வில் ஒருவர் படிப்பார்.

பக்க நீளத்தை இரட்டித்தால் தளங்கள் நான்கு மடங்கு. கணக்கு நேரம் தளங்களின் மும்மடிப்படி 64 மடங்கு. வெப்பநிலையையும் அதற்கேற்ப இறக்கினால் 128 மடங்கு. 6-க்கு ஒரு மணி நேரம் என்றால் 12-க்கு ஐந்து நாளுக்கு மேல். துறைக் கணினியில் வரிசை நீளம் என்று நெறியாளர் சொன்னால் இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். முதலில் 6, 9, 12. ஒவ்வொன்றுக்கும் ஒப்புறவு விகிதத்தை (காந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று காட்டும் எண்) விலக்கல்-தாவல் விகிதத்துக்கு எதிராக வரையுங்கள், கோடுகள் 3.8-ஐ ஒட்டி வெட்டிக்கொண்டால் நிரல் சரி. அப்போது 15-க்குப் போகலாம்.